சாலைக்கு இடப்பக்கம்

"உன் தம்பி வர்றானா இன்னிக்கு?"

"வராம? கான்ஸ்டபிள் இல்லாம கோர்ட்டு எப்படி நடக்கும்?"

"அப்ப நான் தொப்பியில எதையும் சொருகல."

ஆசஹேல் கையிலிருந்த ஊசியிலைக் கொத்தை அடுப்பில் போட்டான். பச்சைக் கொத்து சடசடவென்று பொரிந்தது. கோர்ட்டைத் திறக்க விடக்கூடாது என்பவர்கள் அந்தக் கொத்தைத் தொப்பியில் சொருகிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அப்படி ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் திரண்டு நீதிபதிகளைப் படியேற விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வந்திருந்தது.

"கொத்தைப் பாத்து என் தம்பி என்ன பண்ணிடுவான்?"

"நம்ம மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனானே, அப்ப என்ன பண்ணினான்? நல்லா இருக்கீங்களா மச்சான்னு கேட்டுக்கிட்டேதான் கயித்தை அவுத்தான்."

அவன் மனைவி ஜெருஷா அடுப்பைக் கிளறினாள். நடந்தது அப்படித்தான். கடன் பாக்கிக்காகக் கடைக்காரர் வழக்குப் போட்டார். வழக்கு தீர்கிற வரைக்கும் மாடுகள் கான்ஸ்டபிள் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஊரில் வரி வசூலும் கோர்ட்டு உத்தரவும் பார்க்கும் கான்ஸ்டபிள் அவள் தம்பி சேடாக். அவன் ஆசைப்பட்டு வாங்கிய வேலை இல்லை அது. போன மார்ச் ஊர்க்கூட்டத்துக்குக் காய்ச்சலால் அவன் வராமல் போனான். வராதவன் தலையில் கட்டுவோம் என்று எல்லோருமாகக் கை தூக்கிவிட்டார்கள். எங்கள் மாசசூசெட்ஸ் மலைப்பக்கத்தில் பாதிப் பதவிகள் அப்படித்தான் நிரம்பும்.

இப்போது பக், பிரைட் என்ற அந்த இரண்டு எருதுகளும் சேடாக்கின் தொழுவத்தில் சும்மா நின்று தின்றுகொண்டிருந்தன. இங்கே நிலம் உழப்படாமல் கிடந்தது. செப்டம்பர் போவதற்குள் ரை தானியம் விதைத்தாக வேண்டும். உறைபனி விழுந்துவிட்டால் அடுத்த கோடைக்கு ரொட்டி இல்லை. இன்று கோர்ட்டு திறந்தால் தீர்ப்பு, தீர்ப்பு வந்தால் ஏலம்.

"இதுல வேடிக்கை என்ன தெரியுமா?" ஆசஹேல் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்தான். "என் மாட்டை ஏலம் போடப்போற கோர்ட்டுக்கு நானே காவல் நிக்கணுமாம். பாஸ்டன்லேருந்து கவர்னர் உத்தரவு. ஊர்ப்படை மொத்தமும் வரணும்."

"போகாட்டி?"

"அபராதம். அதை வசூல் பண்ணவும் உன் தம்பிதான் வருவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. இங்கிலாந்து ராஜாவின் படையை எதிர்த்து ஆறு வருஷம் சண்டை போட்டு, சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த காகிதத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவன். சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியும் அவன் முகத்தில் சிரிப்பு அபூர்வம்தான்.

"நானும் வர்றேன்," என்றாள்.

"எதுக்கு?"

"சேடாக் எங்க நிக்கறான், யாரைப் பாக்கறான்னு நான் பாக்கணும்."

*

பக்கத்து வீட்டு ஹெப்சிபாவின் வண்டியில் ரொட்டியும் ஆப்பிள் சாறும் ஏற்றிக்கொண்டு பெண்கள் இருவரும் படைக்குப் பின்னால் போனார்கள். ஹெப்சிபா குதிரையை ஓட்டுவதைவிட வாயை ஓட்டுவதில் கெட்டிக்காரி.

"கேள்விப்பட்டியா? இன்னிக்கு யாரு யாரு எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்துச் சொல்ல ஆள் வச்சிருக்காங்களாம்."

"யாரு வச்சிருக்கா?"

"மேல இருக்கறவங்க. பாஸ்டன்ல தச்சனுங்களுக்கெல்லாம் ஒரே வேலையாம். தூக்குமரம் செய்யறாங்களாம்."

"யாரு அந்த ஆளு?"

"நான் பேரு சொல்லமாட்டேன்மா. உனக்கு வருத்தமா இருக்கும்."

"சொல்லித் தொலை ஹெப்சிபா."

"அதான் சொல்லிட்டேனே, உனக்கு வருத்தமா இருக்கும்னு. வேற யாருக்காக உனக்கு வருத்தம் வரப்போகுது?"

கோர்ட்டு இருக்கிற ஊரை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோர்ட்டுப் படிக்கட்டில் தொப்பியில் கொத்துச் சொருகிய நூறு பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதிகள் எதிரே விடுதிக்குள் முடங்கிக் கிடந்தார்கள். நடுவே சாலையில் எங்கள் ஊர்ப்படையும் சுற்றுவட்டார ஊர்களின் படைகளும், ஆயிரம் பேர் இருக்கும். சாலையின் வலப்பக்க ஓரத்தில், பித்தளை முனை வைத்த கறுப்புக் கோலைப் பிடித்துக்கொண்டு சேடாக் தனியாக நின்றான். அவனைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை.

படைத் தலைவர் குதிரைமேல் இருந்தார். அந்த மாவட்டத்துப் பெரிய மனிதர். இரண்டு மில்லுக்குச் சொந்தக்காரர். எங்கள் கேப்டன் எலிஹூவைக் கூப்பிட்டார்.

"படியில உக்காந்திருக்கறவங்களை அப்புறப்படுத்து."

எலிஹூ தலையைச் சொறிந்தான். "கேட்டுப் பாக்கணும் ஐயா."

"யாரை?"

"இவங்களை."

"கேப்டன் நீயா, அவங்களா?"

"நான்தான். ஆனா என்னை ஓட்டுப் போட்டுக் கேப்டனாக்கினது அவங்கதானே. மார்ச்சுல மறுபடியும் ஓட்டு இருக்கு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. தலைவர் முகம் சிவந்தது. ஆனாலும் அவரும் எங்கள் ஆள்தான். பாலம் கட்டலாமா, பன்றியை அவிழ்த்து விடலாமா என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை வந்தால் ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம் பிரிந்து நின்று தலை எண்ணுவது எங்கள் வழக்கம். அவர் சின்ன வயதிலிருந்து பழகிய வழி அது. துப்பாக்கி பிடித்த படைக்கும் அதையே செய்தார். பகலில், பெரிய மனிதர் கண்முன்னால், எவனுக்கு எதிர்ப்பக்கம் போகத் துணிச்சல் வரும் என்று நினைத்திருப்பார்.

"சரி! கோர்ட்டு நடக்கணும்கறவங்க சாலைக்கு வலப்பக்கம் போங்க. நடக்கக்கூடாதுங்கறவங்க இடப்பக்கம் போங்க. மனசாட்சிப்படி!"

ஒருவரும் அசையவில்லை.

"பொறிடா இது," என்று வரிசைக்குள்ளிருந்து யாரோ முணுமுணுத்தது வண்டி வரைக்கும் கேட்டது. "முதல்ல போறவன் கழுத்துக்குத்தான் கயிறு."

"கான்ஸ்டபிள் பாக்கறான் பாரு."

"பாக்கட்டும். நாளைக்கு அவன் வைக்கோல்போர் எரியறதையும் பாக்கட்டும்."

ஆயிரம் பேரின் கண்ணும் சேடாக்கின் மேல் இருந்தது. ஜெருஷா வண்டியிலிருந்து இறங்கி நேராக அவனிடம் போனாள்.

"அக்கா, இங்க வராத. எல்லாரும் பாக்கறாங்க."

"அவங்க பாக்கறது கிடக்கட்டும். நீ என்னடா பாக்கற? ஆள் எண்ணறியா?"

"எண்ணாம இருக்க முடியுமா? எதிர்ல நிக்கறாங்களே."

"எண்ணி யார்கிட்ட சொல்லப் போற?"

சேடாக் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்ட சொல்றதுன்னுதான் நானும் யோசிக்கறேன். மாவட்ட ஷெரிப்கிட்ட சொல்றேன்னு வச்சுக்க. ஷெரிப் ஆளைப் பிடிக்கப் படையைக் கூப்பிடணும். படை எங்க இருக்கு?"

ஜெருஷா சாலையைப் பார்த்தாள்.

"அதேதான்," என்றான். "பிடிக்க வேண்டியவனும் அவன்தான், பிடிக்கப் போறவனும் அவன்தான்."

"வேற படையே கிடையாதா? பதின்மூணு மாநிலத்துக்கும் சேத்து நியூயார்க்குல ஒரு சபை இருக்கே."

"அந்தச் சபைக்கு மெழுகுவத்தி வாங்கவே மாநிலங்க கிட்ட கையேந்தணும். ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்க வக்கில்ல." அவன் கோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "இத்தனை நாளா இதைத்தான் அரசாங்கம்னு நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்திருக்கோம் அக்கா."

"அப்ப நீ இடப்பக்கம் போயேன்."

"போனா ஊர்க்காரன் கட்டாத வரி அத்தனையும் என் தலையில விழும். வசூல் பண்ணாத கான்ஸ்டபிள் நிலத்தை எடுத்துக்கலாம்னு சட்டம். நான் இங்கதான் நிப்பேன்."

சின்ன வயதில் பொய் சொல்லும்போது சேடாக் கண்ணைத் தாழ்த்தமாட்டான்; நேராகப் பார்ப்பான். இப்போதும் நேராகத்தான் பார்த்தான். உண்மை சொல்லும்போது எப்படிப் பார்ப்பான் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் படையின் முரசடிக்கும் கிழவர் ஜபெஸ் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"ஜபெஸ்! எங்க போற?" என்று தலைவர் கத்தினார்.

"வெயில் ஆகல எசமான். அந்தப் பக்கம் எல்ம் மரத்து நிழல் இருக்கு."

சாலையைக் கடந்து இடப்பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்தார்.

பிறகு இன்னொருவன் சொன்னான். "எனக்கும் தலை சுத்துது."

"எனக்கும்தான். காலையில ஒண்ணும் சாப்பிடல."

"இருடா, நானும் வர்றேன்."

எண்ணூறு பேருக்கு ஒரே சமயத்தில் வெயில் ஆகாமல் போயிற்று. இரண்டு மரத்து நிழலில் எண்ணூறு பேர் எப்படி நிற்க முடியும்? பாதிப் பேர் வெயிலில் நின்றுகொண்டு நிழலைப் புகழ்ந்தார்கள். ஆசஹேல் கடைசிவரை சாலை நடுவில் நின்றான். அவன் பார்வை சேடாக்கிடம் போயிற்று, ஜெருஷாவிடம் வந்தது. அவள் தலையை அசைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவனாகவே தொப்பியைக் கழற்றி முகத்தை விசிறிக்கொண்டு இடப்பக்கம் நடந்தான்.

வலப்பக்கம் மிஞ்சியவர்கள் கடைக்காரர்கள், வக்கீல்கள், அவர்கள் பிள்ளைகள், அவர்களுக்குப் பயந்தவர்கள். கேப்டன் எலிஹூ இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பூட்ஸ் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடியவே இல்லை.

விடுதிக் கதவு திறந்தது. நீதிபதி, தலையில் பொய்முடியோடு, படியில் வந்து நின்று பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"கான்ஸ்டபிள்!"

"ஐயா."

"உங்க ஊர் ஆளுங்க உனக்குத் தெரியுமில்ல? இடப்பக்கம் நிக்கறவங்க பேரைச் சொல்லு."

ஜெருஷா கூட்டத்தில் ஆசஹேலைத் தேடினாள். இடப்பக்கத்தில் இருமல் சத்தம் கூட இல்லை.

"சொல்றேன் ஐயா," என்றான் சேடாக். "வாரண்டு குடுங்க."

"வாரண்டா?"

"வாரண்டு இல்லாம எவன் பேரையும் நான் எடுக்க முடியாது. சட்டம்."

"வாரண்டைக் கோர்ட்டுலதான் குடுக்க முடியும்!"

"ஆமாங்க. கோர்ட்டு திறந்ததும் வந்து வாங்கிக்கறேன்."

எங்கிருந்தோ ஒருவன் வெடித்துச் சிரித்தான். அப்புறம் இடப்பக்கம் முழுக்கச் சிரிப்பு. நீதிபதி உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில், சட்டம் திருத்தப்படும்வரை கோர்ட்டு கூடாது என்று நீதிபதிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சேதி வந்தது. அரசாங்கத்தின் கையில் படையும் இல்லை, படை கூட்டக் காசும் இல்லை என்பது அன்று குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று. அப்புறம் பனிக்காலத்தில் பாஸ்டன் வியாபாரிகளிடம் கையேந்தித்தான் எங்கள்மேல் ஏவ ஆள் பிடித்தார்கள்.

"பாத்தியா, உன் தம்பியை!" என்றாள் ஹெப்சிபா. "என்னமா மாட்டிவிட்டான் நீதிபதியை!"

"வாரண்டு இருந்தா சொல்றேன்னுதானே சொன்னான்," என்றாள் ஜெருஷா. "சொல்லமாட்டேன்னு சொல்லலியே."

*

ஆண்கள் ஜெயில் பக்கம் கிளம்பினார்கள். கடனுக்காக உள்ளே கிடப்பவர்களை வெளியே விடப்போகிறார்களாம். ஆசஹேலும் அவர்களோடு போனான். ஜெருஷா ஹெப்சிபாவை வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"எங்க?"

"சேடாக் வீட்டுக்கு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை வெயில் தொழுவ வாசலில் சாய்ந்திருந்தது. குதிரையில் முன்னாலேயே வந்துவிட்ட சேடாக் எருதுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். ஹெப்சிபா வண்டியிலேயே இருந்தாள், காது மட்டும் தொழுவத்துக்குள் இருந்தது.

"மாட்டை அவுத்து விடு."

"கோர்ட்டு சொல்லணும் அக்கா."

"கோர்ட்டுதான் இல்லையே."

"இன்னிக்கு இல்ல. தையலைப் பிரிச்சா மறுபடியும் தைக்கமாட்டாங்களா? அன்னிக்கு வந்து, மாடு எங்கடான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"ரை விதைக்கணும்டா. நிலம் அப்படியே கிடக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே இதுங்களைச் சும்மா நிக்க வச்சுத் தீனி போடறே."

சேடாக் வாளியைக் கீழே வைத்தான். "ஒரு வழி இருக்கு. நானாக் குடுத்தேன்னு ஆனா என் நிலம் போயிடும். நீ பிடுங்கிக்கிட்டுப் போனேன்னு ஆனா என்மேல குத்தம் இல்ல."

"என்மேல?"

அவன் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"சொல்லுடா. என்மேல என்ன?"

"கான்ஸ்டபிள் பொறுப்புல இருக்கறதைப் பிடுங்கினா ஜெயில்."

"ஓ." ஜெருஷா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இதை உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? ஷெரிப்பா? கடைக்காரரா?"

"யாரும் இல்ல. நானாத்தான்." நேராகப் பார்த்தான்.

"அப்படிப் பாக்காத. சின்ன வயசுலேருந்து அந்தப் பார்வை எனக்குத் தெரியும்."

"எந்தப் பார்வை?"

"விடு."

"மச்சான் எங்க இருக்காரு?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாத்தான்."

"இன்னிக்கு யாரும் எதையும் சும்மா கேக்கறதில்ல சேடாக்."

"ஏன் அக்கா, உன் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரியறேனா? ஒரு ஊரே பத்தடி தள்ளி நின்னுது. நீயுமா?"

"என் வீட்டு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தவன் நீ."

"ஓட்டலேன்னா ஷெரிப் ஆளு ஓட்டியிருப்பான். அன்னிக்கே வித்திருப்பான். இங்க தொழுவத்துல நிக்குதேன்னு ஒரு நாளாவது நினைச்சியா? தொட்டுப் பாரு. இளைச்சிருக்கான்னு பாரு!"

அவள் பிரைட்டின் விலாவில் கை வைத்தாள். எலும்பு தட்டுப்படவில்லை. கொண்டுபோனபோது தட்டுப்பட்டது. அதையும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம்: அக்காவின் மாடு என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்; அல்லது ஏலத்தில் நல்ல விலை போக வேண்டும் என்று கொழுக்க வைத்திருக்கிறான்.

இவனை நம்பி, பிடுங்கியது நான்தான் என்று சொன்னால், இவன் பொய்யனாக இருந்தால், ஜெயில். நம்பாமல் திரும்பிப் போனால், இவன் மெய்யனாகவே இருந்தாலும், வெறும் நிலம். இரண்டில் ஒன்றில்தான் ரை முளைக்க வழி இருந்தது.

"ஹெப்சிபா!"

"கூப்பிட்டியா?" அவள் ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

"உள்ள வா. நல்லா பாத்துக்க. யாரு கேட்டாலும் சொல்லு. ஜெருஷா தேயர் வந்தா, மாட்டைப் பிடுங்கினா. ஆசஹேல் இங்க வரவே இல்ல, அவருக்குத் தெரியவே தெரியாது. என் பேர்ல ஒரு சீப்பு கூட இல்ல, என்கிட்டேருந்து என்னத்தை எடுத்துப்பாங்களோ எடுத்துக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

சேடாக் கன்னத்தைத் தடவினான். "இது போதாது அக்கா. இது நீ எனக்குச் சாதாரணமாக் குடுக்கறது. எவனும் நம்பமாட்டான்."

"வேற எப்படி வேணும்?"

"கண்ணுக்குத் தெரியணும். ஒரு வாரமாவது தெரியணும்."

ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெருஷா சுவரில் சாய்த்து வைத்திருந்த வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்து, காம்பு முன்னால் வரத் திருப்பிப் பிடித்தாள். சேடாக் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய அந்த முகத்தில் பொய்யும் தெரியவில்லை, மெய்யும் தெரியவில்லை. அடித்தாள்.

அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே விழுந்தான். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் வைக்கோலில் சொட்டியது. பக் மிரண்டு கயிற்றை இழுத்தது.

"ஐயோ, செத்துட்டானா?" என்றாள் ஹெப்சிபா.

"சாகல," என்று தரையிலிருந்து குரல் வந்தது. "தெரியுதா?"

"தெரியுது," என்றாள் ஜெருஷா. மேலங்கித் துணியைக் கிழித்து அவனிடம் எறிந்தாள். "அழுத்திப் பிடி. சாணிக் கையால தொடாத."

நுகத்தைப் பூட்ட அவனே எழுந்து வந்தான். அவள் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். "நீ அடிபட்டுக் கிடக்கணும். உதவி பண்ணினா அது என்ன பிடுங்கினதா ஆகும்?" அவளே பூட்டினாள், அவளே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எருதுகள் கொழுத்துச் சோம்பேறியாகியிருந்தன. ஒவ்வோர் அடிக்கும் அதட்ட வேண்டியிருந்தது.

ஹெப்சிபா வண்டியைப் பக்கத்திலேயே மெல்ல ஓட்டினாள். அவளால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருக்க முடியும்?

"ஏண்டி, அவனை நம்பித்தானே பண்ணினே?"

"நம்பியிருந்தா அவ்வளவு பலமா விழுந்திருக்குமா?"

"அப்ப நம்பலியா?"

"நாளைக்கு உழணும் ஹெப்சிபா. பேச்சை நிறுத்து."

வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சேடாக் தொழுவ வாசலுக்கு வந்திருந்தான். நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு, சாலையில் யாராவது வருகிறார்களா என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று பார்க்கிறானா, யாராவது வந்து பார்க்கட்டும் என்று பார்க்கிறானா?

ஜெருஷா பக்கின் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். எருதுகள் வேகமெடுத்தன.